தாய்ப்பன்றியை எண்ணுவதா, கொட்டிலை அளப்பதா? கொள்ளைநோய்க் காலத்தில் பன்றிப் பண்ணைகளின் கொள்ளளவை ஒழுங்குபடுத்தும் வழிகள்

ஒரு தாய்ப்பன்றிக்கு இன்று சினை ஊசி போட்டால் 114 நாட்கள் கழித்துக் குட்டிகள் பிறக்கும். அவை பால் மறந்து, தீனிக்குப் பழகி, இறைச்சிக்குரிய எடையை எட்ட மேலும் ஆறு மாதங்கள் ஆகும். ஆக, பண்ணையில் இன்று எடுக்கும் முடிவு இறைச்சிக் கடையில் தெரிய ஏறத்தாழப் பத்து மாதங்கள் செல்கின்றன. நோய்த்தடுப்புக்கு வேறொரு காலக்கணக்கு இருக்கிறது. ஒரு பண்ணையில் நோய் உறுதியான உடனேயே சுற்றுவட்டாரத்தில் பன்றி ஏற்றிய லாரிகள் நிறுத்தப்படுகின்றன. வெளியே போகும் வழி ஒரே நாளில் அடைபடுகிறது. உள்ளே பிறக்கும் குட்டிகளோ நான்கு மாதங்களுக்கு முன்பே முடிவானவை. கொள்ளைநோய்க் காலத்தில் பண்ணைகளின் கொள்ளளவை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வியின் சிக்கல், இந்த இரண்டு காலக்கணக்குகளும் பொருந்தாமல் போவதில்தான் இருக்கிறது.

இக்கேள்விக்கு இரண்டு நாடுகள் மிகப் பெரிய அளவில் விடை தேட நேர்ந்தது. 1997-இல் நெதர்லாந்து கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலைச் சந்தித்தது. 2018 முதல் சீனா ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைச் சந்தித்து வருகிறது. இவை இரண்டும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. இரண்டுமே மனிதரைத் தாக்குவதில்லை. 2009-இல் நம் செய்தித்தாள்கள் பன்றிக் காய்ச்சல் என்று எழுதிய எச்1என்1 காய்ச்சலோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவதற்கு நம்பகமான தடுப்பூசி நெடுங்காலமாக உண்டு; ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் வணிகக் காரணங்களுக்காக 1990-களின் தொடக்கத்திலேயே வழக்கமான தடுப்பூசி போடுவதைக் கைவிட்டிருந்தது. இரண்டாவதற்கு 2018-இல் தடுப்பூசியே இல்லை. வியட்நாம் 2023-இல் தன் நாட்டுத் தயாரிப்புகளுக்கு அனுமதி அளித்திருந்தாலும் உலக அளவில் ஏற்கப்பட்ட தடுப்பூசி என்று சொல்லத்தக்கது இன்னும் வரவில்லை. ஆகவே இரண்டு நாடுகளிலும் கையில் இருந்த கருவிகள் நடமாட்டத் தடை, கொன்று அழித்தல், எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஆகிய மூன்று மட்டுமே. இவற்றில் மூன்றாவதைத்தான் நான் இங்கே எடைபோடுகிறேன்.

முதல் வழி: விலை பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

அழித்த பன்றிக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, மறுபடி எத்தனை பன்றி வளர்ப்பது என்பதைப் பண்ணையாளரிடமே விட்டுவிடுவது எளிய வழி. சீனா முதல் ஓராண்டில் பெரும்பாலும் இதைத்தான் செய்தது. 2018 ஆகஸ்ட் 3 அன்று லியாவ்னிங் மாகாணத்தின் ஷென்யாங் நகரில் முதல் நோய்த்தொற்று அறிவிக்கப்பட்டது. அப்போது உலகின் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி சீனாவில் இருந்தன. நோய் கண்ட பண்ணையைச் சுற்றிலும் பன்றிகளை அழித்து, தலைக்கு 1,200 யுவான் இழப்பீடு என்று அரசு அறிவித்தது. அத்தொகையில் நடுவண் அரசின் பங்கு வட்டாரத்தைப் பொறுத்து 40 முதல் 80 விழுக்காடு; மீதியை மாகாணமும் மாவட்டமும் ஏற்க வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவை இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2019 நவம்பர் வரை அரசுக் கணக்கில் பதிவான நோய்த்தொற்றுகள் 160. அழிக்கப்பட்ட பன்றிகள் 11.93 லட்சம். அதே காலத்தில் நாட்டின் பன்றி எண்ணிக்கை, 2018 இறுதியில் இருந்த 42.8 கோடியிலிருந்து 2019 இறுதியில் 31 கோடியாகக் குறைந்தது. அரசின் கையால் அழிந்தவை சுமார் 12 லட்சம். குறைந்தவை ஏறத்தாழ 12 கோடி. இடையில் உள்ள நூறு மடங்கு வேறுபாடு முழுவதும் பண்ணையாளர்களின் முடிவுகளாலும், பதிவாகாத சாவுகளாலும் ஆனது. பக்கத்து ஊரில் நோய் என்று கேள்விப்பட்டவர் எடை கூடுமுன்பே பன்றிகளை விற்றார். விற்ற பன்றியோடு வைரஸும் லாரி ஏறியது. நோய் வந்து போன கொட்டிலில் மறுபடி குட்டி இறக்க எவருக்கும் துணிவில்லை. இழப்பீட்டில் ஒரு பங்கை உள்ளூர் அலுவலகமே தர வேண்டியிருக்கும்போது, நோயைப் பதிவு செய்யும் ஆர்வம் அந்த அலுவலகத்துக்கும் குறைந்துதான் இருக்கும்.

விலை தன் வேலையைச் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது செய்த வேலை மிகத் தாமதமானது, மிகக் கடுமையானது. 2019 நவம்பரில் பன்றி இறைச்சியின் சில்லறை விலை முந்தைய ஆண்டைவிட 110 விழுக்காடு உயர்ந்திருந்தது. உயிர்ப்பன்றியின் விலை அந்த இலையுதிர் காலத்தில் கிலோவுக்கு 40 யுவானை ஒட்டிச் சென்றது. 2018-இல் 5.40 கோடி டன்னாக இருந்த பன்றி இறைச்சி உற்பத்தி 2019-இல் 4.26 கோடி டன்னாகவும் 2020-இல் 4.11 கோடி டன்னாகவும் குறைந்தது. பன்றி இறைச்சியே அன்றாட இறைச்சியாக உள்ள மக்களுக்கு இது சிறு செய்தி அல்ல. விலையை மட்டும் நம்பும் வழியை நான் முதலிலேயே ஒதுக்குகிறேன் என்றால், பற்றாக்குறை மட்டும் அதற்குக் காரணம் அன்று. அச்சத்தில் இருக்கும் பண்ணையாளருக்கு விலை தரும் அறிவுரை, 'உடனே விற்றுவிடு' என்பது. நோய்த்தடுப்புக்கு வேண்டிய அறிவுரையோ, 'இருக்கிற இடத்திலேயே வைத்திரு' என்பது.

இரண்டாவது வழி: நாடு முழுவதற்கும் தாய்ப்பன்றி எண்ணிக்கை வரம்பு

சீனாவின் அடுத்த இரண்டு அடிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று மற்றதன் விளைவு. 2019 செப்டம்பரில் சீன அரசவை பன்றி உற்பத்தியை மீட்க விரிவான ஆணை ஒன்றை வெளியிட்டது. பெரும் பண்ணைகளுக்கு வட்டி மானியம் கிடைத்தது; பண்ணை நிலத்துக்கான வரம்புகள் தளர்ந்தன; சுற்றுச்சூழல் காரணம் காட்டி மாவட்டங்கள் தம் விருப்பத்துக்கு அறிவித்திருந்த வளர்ப்புத் தடைப் பகுதிகளில், சட்டத்தின் ஆதரவு இல்லாதவை நீக்கப்பட்டன. நாட்டின் தாய்ப்பன்றி எண்ணிக்கை அந்த மாதத்தில் சுமார் 1.9 கோடியாக அடிமட்டத்தில் இருந்தது. அங்கிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 2021 ஜூனில், அது 4.56 கோடியாக ஏறியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 36 யுவான் அளவில் இருந்த உயிர்ப்பன்றி விலை அக்டோபரில் 11 யுவானுக்குச் சரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் துணிந்து கடன் வாங்கியவர்கள் ஒரு பன்றிக்குப் பல நூறு யுவான் நட்டத்தில் விற்றார்கள்.

இந்த நிலையில்தான் 2021 செப்டம்பரில் வேளாண் அமைச்சகம் கொள்ளளவு ஒழுங்குமுறைத் திட்டத்தை அறிவித்தது. அதன் கருத்து எளியது: பன்றியை எண்ணாதே, தாய்ப்பன்றியை எண்ணு, பத்து மாதங்களுக்குப் பிறகு வரப்போகும் இறைச்சியின் அளவு அங்கே இப்போதே தெரியும். நாட்டுக்கு இயல்பான தாய்ப்பன்றி எண்ணிக்கை 4.1 கோடி என்று வைக்கப்பட்டது. அதில் 95 முதல் 105 விழுக்காடு வரை பச்சை மண்டலம். 90 முதல் 95, 105 முதல் 110 வரை மஞ்சள். 90-க்குக் கீழும் 110-க்கு மேலும் சிவப்பு. பச்சையில் சந்தையிடம் விட்டுவிடுவது, மஞ்சளில் எச்சரிப்பது, சிவப்பில் மானியம், கடன், முதிய தாய்ப்பன்றிகளைக் கழித்தல் போன்ற வழிகளில் தலையிடுவது என்று முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதன் பங்கு எண் உண்டு. ஆண்டுக்கு 500 பன்றிகளுக்கு மேல் விற்கும் பண்ணைகள் நாட்டில் 1.3 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்ற கீழ்வரம்பும் சேர்க்கப்பட்டது. 2024 மார்ச்சில் இயல்பு எண் 3.9 கோடியாகக் குறைக்கப்பட்டு, பச்சை மண்டலத்தின் கீழ் எல்லை 92 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது.

விலை ஏற்ற இறக்கத்தைத் தணிக்க இது நல்ல கருவி என்பதே என் மதிப்பீடு. 2022-க்குப் பிறகு உற்பத்தி 2019-ஐப் போலச் சரியவில்லை. எனினும், எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டிருந்ததாலேயே விலை நிலைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. 2022 இறுதியில் தாய்ப்பன்றிகள் 4.39 கோடி, அதாவது இயல்பு எண்ணின் 107 விழுக்காடு, மஞ்சளுக்குள்தான் இருந்தன. ஆயினும் 2023-இல் இறைச்சி உற்பத்தி 5.79 கோடி டன்னைத் தொட்டு, ஆண்டின் பெரும்பகுதியும் பண்ணையாளர்கள் நட்டத்திலேயே இருந்தார்கள். காரணம், தாய்ப்பன்றி என்பது ஒரே அளவுள்ள அலகு அல்ல. 2019-2020-இல் இனவிருத்திக்கு உரிய பெண் பன்றிகள் கிடைக்காதபோது, இறைச்சிக்காக வளர்த்த கலப்பினப் பெண் குட்டிகளையே தாய்ப்பன்றிகளாக நிறுத்தினார்கள். அவை எண்ணிக்கையில் ஏறின, ஈற்றில் ஏறவில்லை. பின்னர் அவை கழிக்கப்பட்டு நல்ல இனங்கள் வந்ததும், அதே எண்ணிக்கையிலிருந்து கூடுதல் குட்டிகள் வந்தன. இயல்பு எண்ணை 4.1-லிருந்து 3.9 கோடிக்கு இறக்க வேண்டி வந்ததும் இதனால்தான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று எனக்குப் படுகிறது. தாய்ப்பன்றி வரம்பு நோயைப் பார்ப்பதே இல்லை. ஒரு மாகாணத்தில் நோய் பரவித் தாய்ப்பன்றிகள் சாகும்போது, அந்த மாகாணத்தின் எண்ணிக்கை கீழ்வரம்பை நோக்கி இறங்குகிறது. கீழ்வரம்பை நெருங்கினால் மறுபடி நிரப்பு என்பதே திட்டம் சொல்லும் பாடம். வைரஸ் இன்னும் கொட்டிலின் தரையிலும் லாரியின் அடிப்பலகையிலும் இருக்கும்போது புதுக் குட்டிகளை இறக்குவது நோய்க்கு இரை போடுவது ஆகும். அதோடு, தன் பங்கு எண்ணைக் காக்கப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரியே நோயைக் கண்டறிந்து அழிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். இரண்டு கடமைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது, எது தள்ளிப்போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. நாடு முழுவதற்குமான எண் அமைதிக் காலத்துக்கு உரியது. நோய்க் காலத்தில், நோய் கண்ட மாகாணத்தின் கீழ்வரம்பை நிறுத்திவைக்காமல் அதை அப்படியே நடைமுறைப்படுத்தக் கூடாது.

மூன்றாவது வழி: அடைபட்ட வட்டாரத்தில் சினைப்படுத்தலை நிறுத்துவது

நெதர்லாந்தின் அனுபவம் எண்ணிக்கையில் சிறியது, பாடத்தில் பெரியது. 1997 பிப்ரவரி 4 அன்று, பன்றிப் பண்ணைகள் நெருக்கமாக அமைந்த வடக்கு பிராபாண்ட் மாகாணத்தின் வென்ஹோர்ஸ்ட் என்ற ஊரில் நோய் உறுதியானது. ஜெர்மனியிலிருந்து சரியாகக் கழுவப்படாமல் திரும்பிய ஒரு லாரியே வைரஸைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பின்னர் கருதப்பட்டது. கண்டுபிடிப்பதற்குள் அது பல பண்ணைகளுக்குப் பரவிவிட்டது. சினை ஊசிக்கு விந்து வழங்கும் இரண்டு நிலையங்களிலும் நுழைந்துவிட்டதால், அங்கிருந்து விந்து பெற்ற 1,680 பண்ணைகளை ஐயத்துக்குரியவை என்று அறிவிக்க வேண்டி வந்தது. 1998 மார்ச் வரை நீண்ட இந்தத் தொற்றில் 429 பண்ணைகள் நோய்வாய்ப்பட்டன.

அந்த 429 பண்ணைகளில் அழிக்கப்பட்ட பன்றிகள் சுமார் 7 லட்சம். அருகில் இருந்ததற்காகவும் தொடர்பு இருந்ததற்காகவும் முன்னெச்சரிக்கையாக அழிக்கப்பட்டவை சுமார் 11 லட்சம். ஆனால் மொத்தத்தில் கொல்லப்பட்டவை ஒரு கோடியே பத்து லட்சத்தை ஒட்டியவை. மீதமுள்ள தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் நோயுற்றவையும் அல்ல, நோயை அடுத்திருந்தவையும் அல்ல. கொட்டிலில் இடம் இல்லாமல் போனதற்காகவே அரசு அவற்றை விலை கொடுத்து வாங்கிக் கொன்றது. ஐந்து பன்றிகளுள் நான்குக்கு மேல் இடநெருக்கடிக்குப் பலியாயின என்பதை முதன்முறை படித்தபோது, அந்த அட்டவணையை நான் மறுபடியும் சரிபார்த்தேன். அப்போதும் அதே எண்ணிக்கைகள்தான்.

ஏன் இப்படி ஆனது என்பதை ஒரு பண்ணைக் கணக்கால் விளக்கலாம். 200 தாய்ப்பன்றிகள் உள்ள பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் ஈனும் என்றால், பண்ணையில் வாரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது ஈற்றுகள் நிகழும். ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் தேறினால் வாரத்துக்கு எண்பதுக்கு மேல். லாரி ஆறு வாரம் நின்றால் ஐந்நூறு குட்டிகள் மிகுதி. மறுபுறம் கொழுத்த பன்றி நாளுக்கு முக்கால் கிலோ வீதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆறு வாரத்தில் முப்பது கிலோ. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 85 முதல் 110 கிலோ எடையுள்ள பன்றிக்கு 0.65 சதுர மீட்டர் தரை வேண்டும். 110-ஐத் தாண்டினால் ஒரு முழுச் சதுர மீட்டர் வேண்டும். எனவே விற்கும் நாள் தவறிய பன்றிகள் அந்த எல்லையைக் கடக்கும்போது, ஒரு செங்கல்லும் பெயராமலேயே அதே கொட்டிலின் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. கொள்ளளவு என்று நாம் எண்ணி வைத்திருக்கும் எண், லாரி ஓடுகிறது என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்பட்ட எண் என்பது இங்கேதான் வெளிப்படுகிறது.

நெதர்லாந்து அரசு இரண்டு வழிகளில் இதை எதிர்கொண்டது. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளைக் கொல்வது ஒன்று. அடைபட்ட வட்டாரங்களில் தாய்ப்பன்றிகளைச் சினைப்படுத்தவே தடை விதிப்பது மற்றொன்று. முன்னது உடனே இடம் தந்தது. கால்நடை மருத்துவர்களுக்கும் பண்ணைக் குடும்பங்களுக்கும் பெரும் மனத்துன்பத்தைத் தந்தது. பின்னது உயிர்க்கொலை இல்லாத வழி. ஆனால் நோய் தொடங்கிப் பல மாதங்கள் கழிந்து, அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் அது வந்தது. அதன் பயன் தெரிய மேலும் 114 நாட்கள் வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொன்னேன். பிப்ரவரியிலேயே அந்த ஆணை பிறந்திருந்தால் ஜூன் முதலே ஈற்றுகள் குறைந்திருக்கும். லட்சக்கணக்கான குட்டிகள் பிறந்து சாவதற்குப் பதிலாகப் பிறவாமலே இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. விந்து நிலையங்களே நோயைப் பரப்பிய ஒரு தொற்றில், சினை ஊசியை முதல் நாளே நிறுத்துவதற்கு நோய்த்தடுப்பு நோக்கிலும் காரணம் இருந்தது.

இந்த வழியின் செலவையும் மறைக்கக் கூடாது. சினையில்லாத தாய்ப்பன்றி தீனி தின்னும், வருமானம் தராது. தடை நீங்கிய பிறகும் பண்ணையில் பத்து மாதங்களுக்கு ஒரு வெற்றிடம் நகர்ந்துகொண்டே போகும்: முதலில் ஈற்றறை காலி, பிறகு குட்டியறை காலி, கடைசியில் கொழுக்கும் கொட்டில் காலி. தடை தேவைக்கு மேல் பரந்த வட்டாரத்துக்கு விதிக்கப்பட்டால், நோயே வராத பண்ணைகள் ஓராண்டு வருமானத்தை இழக்கும். நோய் இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டால், தடை விதித்தவர் அளவு மீறியவராகத் தோன்றுவார். இவ்வளவும் உண்மை. ஆயினும் இவை அனைத்தும் பணத்தால் ஈடுசெய்யத்தக்க இழப்புகள்.

நான்காவது வழி: வளர்க்கும் உரிமையையே குறைப்பது

தொற்று அடங்கிய பிறகு நெதர்லாந்து இன்னும் தொலைவு சென்றது. 1998 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பன்றி வளர்ப்பு மறுசீரமைப்புச் சட்டம், ஒவ்வொரு பண்ணைக்கும் பன்றி உரிமைகள் என்ற அளவை வகுத்து, அதில் பத்து விழுக்காட்டை உடனே குறைத்தது. அடுத்த குறைப்பும் அதிலேயே திட்டமிடப்பட்டிருந்தது. உரிமைகளைப் பண்ணைகள் தமக்குள் விற்கவும் வாங்கவும் முடியும். பண்ணையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். இது சொத்தைப் பறிப்பதாகாது, சொத்தின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதே என்று 2001-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதேவேளை குறிப்பிட்ட ஒரு பண்ணைக்கு அது தாங்க முடியாத தனிச்சுமையாக அமையக்கூடும் என்ற வாசலையும் திறந்தே வைத்தது.

கொள்ளைநோய் தந்த அரசியல் சூழலில் பிறந்தாலும், இச்சட்டம் சாண உபரியால் நிலமும் நீரும் கெடுவதைக் குறைக்கவும் எழுந்தது. நோய்க் கண்ணோட்டத்தில் பார்த்தால், நாடு முழுவதும் சமமாகப் பத்து விழுக்காடு குறைப்பது நெருக்கமான வட்டாரத்தை நெருக்கமாகவே வைத்திருக்கும். பிற்காலத்தில், 2019-இல், குடியிருப்புகளுக்கு நாற்றத் தொல்லை தந்த பண்ணைகளை அரசு விலை கொடுத்து மூடிய திட்டம் இடத்தைக் குறிவைத்தது. அதில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான பண்ணைகள் மூடப்பட்டன. நெருக்கத்தைக் குறைக்க அதுவே பொருத்தமான முறை. ஆனால் அதற்கு ஆண்டுகள் வேண்டும், பெரும் பணம் வேண்டும். நோய் பரவும் வாரத்தில் கையில் எடுக்கும் கருவி அது அல்ல.

பெரிய பண்ணையா, சிறிய பண்ணையா என்ற கிளைக்கேள்வி

சீனாவில் ஆண்டுக்கு 500-க்கு மேல் விற்கும் பண்ணைகளின் பங்கு 2018-இல் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது; 2023-இல் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. ஹூபெய் மாகாணத்தின் எஜோவ் நகரில் 2022-இல் 26 மாடிப் பன்றிப் பண்ணையே திறக்கப்பட்டது. பெரிய பண்ணை வாயிலில் லாரியைக் கழுவிச் சூடேற்ற முடியும், ஓட்டல் கழிவைத் தீனியாகப் போடுவதை விட முடியும் என்பதெல்லாம் மெய். உள்ளே நுழைந்துவிட்டால் இழப்பும் அதே அளவுக்குப் பெரியது.

இதில் அளவைவிட அறையமைப்பே முக்கியம் என்பதைச் சீனப் பண்ணைகளே கற்றுக்கொடுத்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கொல்வதில் கொடியதாயினும், கொட்டிலுக்குள் மெதுவாகவே நகரும். பெரும்பாலும் மூக்கும் மூக்கும் தொட்டாலன்றி அடுத்த தடுப்பறைக்குப் போவதில்லை. தடுப்பறைகளுக்கு இடையே கம்பிக்குப் பதில் திடமான சுவர் எழுப்பி, அன்றாடம் சோதித்து, நோயுற்ற பன்றியையும் அதன் அண்டையில் இருப்பவற்றையும் மட்டும் அகற்றும் முறையைப் பல பண்ணைகள் கையாண்டன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பல் பிடுங்குதல்'. அதிகார நோக்கில் இதற்குச் சிக்கல்கள் உண்டு, நோயை மறைக்கவும் இது இடந்தரும். ஆயினும் உரிமம் வழங்கும்போது மொத்தத் தலை எண்ணிக்கையோடு, ஒரே காற்றையும் ஒரே தீனித் தொட்டியையும் பகிரும் பன்றிகள் எத்தனை என்று கேட்கும் விதி வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று.

இரண்டு அல்லது மூன்று பன்றிகளை வீட்டுப் பின்புறத்தில் வளர்க்கும் இடங்களுக்கு இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி பொருந்தாது. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும், 2021 முதல் மீண்டும் மீண்டும் மிசோரமிலும் இந்நோய் வந்தபோது, நடுவண் அரசின் செயல்திட்டம் நோய்மையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அழித்தல், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணித்தல் என்று வகுத்தது. அங்கே குறைக்க வேண்டிய பெரும் கொள்ளளவு இல்லை. விரைவான இழப்பீடும், எச்சில் உணவைக் கொதிக்கவைத்துப் போடுவதும், குட்டி எங்கிருந்து வாங்கப்படுகிறது என்ற பதிவுமே முதன்மை. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதே வைரஸால் இறந்தன. காட்டில் கொள்ளளவை ஒழுங்குபடுத்த எந்த ஆணையாலும் இயலாது.

எதைத் தேர்வது

ஆயிரக்கணக்கில் பன்றிகள் அடைந்திருக்கும் வட்டாரம் ஒன்றுக்கு முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு இருந்தால், மூன்றாவது வழியையே முதல் நாள் கையில் எடுப்பேன். நடமாட்டத் தடை ஆணை பிறக்கும் அதே தாளில், அதே எல்லைக்குள், சினை ஊசியை நிறுத்தும் ஆணையும் இருக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்து, நோயின் போக்குக்கு ஏற்ப எல்லையைச் சுருக்கவோ விரிக்கவோ வேண்டும். இரண்டு வாரத்தில் நீங்கிவிட்டால் இழப்பது சில ஈற்றுகள் மட்டுமே. நீங்காவிட்டால் நான்காம் மாதத்தில் கொட்டிலில் இடம் இருக்கும். அதற்கு முன்பான நான்கு மாதங்களுக்கு, சோதித்துத் தெளிந்த பண்ணைகளின் பன்றிகளை அந்த வட்டாரத்துக்கு உள்ளேயே குறிப்பிட்ட ஓர் இறைச்சிக்கூடத்துக்கு மூடிய வண்டியில் கொண்டுசென்று, சமைத்த இறைச்சியாக மட்டும் வெளியே விடும் பாதை ஒன்றை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். அந்தப் பாதை இல்லாத நடமாட்டத் தடை, பன்றிகளைக் கொல்லும் ஆணையாகவே முடியும்.

தாய்ப்பன்றி வரம்பை அமைதிக் காலத்துக்கு வைத்துக்கொள்வேன். ஆனால் நோய் கண்ட மாகாணம், நோய் நீங்கியது என்று அறிவிக்கப்படும் வரை கீழ்வரம்பிலிருந்து விலக்குப் பெற வேண்டும், அதன் பற்றாக்குறையை மற்ற மாகாணங்களும் இறக்குமதியும் ஈடுகட்ட வேண்டும். சீனா 2020-இல் 44 லட்சம் டன்னை ஒட்டிப் பன்றி இறைச்சி இறக்குமதி செய்தது. சுமையில் ஒரு பகுதியை அப்படித் தாங்க முடியும் என்பதற்கு அது சான்று. உரிமைக் குறைப்பை, இடத்தைக் குறிவைத்து, நோய் இல்லாத ஆண்டுகளில் மெதுவாகச் செய்ய வேண்டும்.

இதில் இன்னும் தீராத ஒன்று, காலியாக நிற்கும் தாய்ப்பன்றிக்கு யார் பணம் தருவது என்பது. இறந்த பன்றிக்கு இழப்பீடு தரப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. பிறக்காத குட்டிக்கு இழப்பீடு தரும் சட்டம் அரிது. தாய்ப்பன்றி ஒன்றுக்கு வாரப் படி இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்து, அதை முழுவதும் நடுவண் அரசே ஏற்க வேண்டும். மாவட்டத்திடம் பகுதியை விட்டால் 2018-இல் சீனாவில் பார்த்த தயக்கமே திரும்பும். அந்தப் படி தடை நீங்கும் நாளோடு நின்றுவிடாமல், வெற்றிடம் ஈற்றறையிலிருந்து கொழுக்கும் கொட்டில் வரை நகர்ந்து முடியும் பத்தாவது மாதம் வரை செல்ல வேண்டும்; ஏனெனில் பண்ணையாளருக்கு வருமானமே வராத மாதங்கள், நோய் முடிந்துவிட்டது என்று மற்ற எல்லாரும் மறந்துவிட்ட பிறகுதான் தொடங்குகின்றன.